கேக்குது

இது எனக்கு நடந்ததல்ல. நடந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது நிஜம். என் வீட்டுக்கு இரும்புக் கதவு மாட்ட வந்த வெல்டர் ஒருவருக்கு நடந்தது. மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூட "சத்தியமா சார்" என்று சொல்லவில்லை. அதனாலேயே நம்பினேன்.

தேதி, நேரம் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

வெல்டர் அப்போது ஒரு சிற்பப் பூங்காவில் வேலை பார்த்தார். சிற்பப் பூங்கா என்றதும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் தலைவர் சிலைகளை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. ஒரே தகட்டை வளைத்துச் செய்த இரும்புக் குதிரை, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு நாற்காலி, காற்றடித்தால் கிலுகிலுக்கும் கண்ணாடி மழை என்று மேடும் பள்ளமுமான புல்வெளி முழுக்க விநோதமான உருப்படிகள். துருப்பிடித்த இடத்தைச் சுரண்டுவது, ஆடுகிற போல்ட்டை முறுக்குவது, விட்டுப்போன இடத்தில் பற்றவைப்பது... இதுதான் வெல்டரின் வேலை.

அந்தப் பூங்காவில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது காதுகள்.

இரண்டு இரும்புக் காதுகள். ஒவ்வொன்றும் ஆள் உயரம். காதின் குழி ஒரு பிள்ளை ஏறி உட்காரும் அளவுக்கு அகலம். குழியின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் குழாய். அது மண்ணுக்குள் இறங்கி, எண்பது மீட்டர் ஓடி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் குதிரைக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் காதில் போய் முடியும். ஒரு காதிலிருந்து பார்த்தால் இன்னொரு காது தெரியாது. ஆனால் இங்கே கிசுகிசுத்தால் அங்கே பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும்.

அடிக்கடி அடைத்துக்கொள்ளும். இலை, தவளை, ஒரு தடவை யாரோ போட்ட செல்போன். அதனால் மேனேஜர் அம்மா ஒரு விதி வைத்திருந்தார். தினமும் மாலை ஐந்து நாற்பதுக்குப் பரிசோதனை. ஆளுக்கொரு காது.

"கேக்குதா?"

"கேக்குது."

நோட்டில் ஒரு டிக். அவ்வளவுதான்.

முதல் காதில் வெல்டர். இரண்டாம் காதில் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, அங்கே புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவன். வேலையை வாங்கிக் கொடுத்ததே வெல்டர்தான். அதற்கு அவர் வருத்தப்படாத நாளில்லை. வாய் நீளம். உடம்பு வளையாது. மெஷினை ஓரங்கட்டிவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தால் டீ ஆறும். அவன் எழுந்திருக்க மாட்டான்.

வெல்டருக்கு ஒரே மகள். பாப்பா. இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விடியுமுன் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவாள். அதனால் பள்ளி வேன் மூன்று ஐம்பதுக்குப் பாப்பாவைப் பூங்கா வாசலில் இறக்கிவிடும். முதல் காதுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆறு மணிக்கு அப்பாவோடு வீட்டுக்கு.

காலையில் தலை பின்னிவிடுவதும் அப்பாதான். இடுப்பு வரைக்கும் முடி. இரும்பை ஒட்டுகிற கைக்கு முடி ஒட்டவில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது பின்னல் தளர்ந்து தொங்கும்.

"என்ன மச்சான், பாப்பா தலையில வெல்டிங் வெச்சீங்களா? எல்லாம் புட்டுக்கிட்டு நிக்குது!" என்பான் மச்சான். பாப்பாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

முதலில் ரப்பர் காணாமல் போனது. செவ்வாய்க்கிழமை.

"ரப்பர் எங்கம்மா?"

"மாமா கேட்டாரு. குடுத்தேன்."

"எப்படிக் குடுத்த?"

பாப்பா பென்சிலால் காதைக் காட்டினாள். குழாயில் போட்டிருக்கிறாள்.

சரி, விளையாட்டு என்று வெல்டர் விட்டுவிட்டார். வியாழக்கிழமை ஷார்ப்னர். அடுத்த வாரம் பூப்போட்ட கிளிப். அப்புறம் சட்டைப் பொத்தான் ஒன்று. நூல் தொங்கிக்கொண்டிருந்தது, பிய்த்துக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் இடதுகால் சாக்ஸ்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "மாமா கேட்டாரு."

வெல்டர் மச்சானைப் பிடித்தார்.

"ஏண்டா, பிள்ளைகிட்ட என்ன வெளையாட்டு? பொருளையெல்லாம் திருப்பிக் குடு."

"நானா? பூப்போட்ட கிளிப்ப வெச்சு நான் என்ன மச்சான் பண்ணப் போறேன்? எனக்கு இருக்கிறதே நாலு முடி!"

சிரித்தான். ஆனால் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எதையோ மறைக்கிறான் என்று வெல்டருக்குப் பட்டது.

அன்றிலிருந்து அவர் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்க ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

முன்பெல்லாம் "கேக்குதா?" என்றால், சொல்லி முடிப்பதற்குள் பதில் வரும். "கேக்குது மச்சான், காது கிழியுது!" என்று ஏதாவது ஒரு வால் இருக்கும். இப்போது வால் இல்லை. ஒரே சொல். அதுவும் உடனே வரவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று எண்ணலாம். பிறகுதான் வரும்.

"...கேக்குது."

குரல் மச்சான் குரல்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் சளி பிடித்ததுபோலக் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

ஒருநாள் வெல்டரே ஒரு நட்டைக் குழாயில் உருட்டிவிட்டார். கடகடவென்று ஓடியது. இரண்டு வினாடி, மூன்று, நான்கு... சட்டென்று நின்றது. எதிலும் மோதிய சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிசாக ஒரு 'டக்'.

யாரோ எடுத்து, பத்திரமாகக் கீழே வைத்தது மாதிரி.

குழாயில் சேறு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் மச்சான் கை விட்டுப் பிடித்திருப்பானோ என்றும் நினைத்தார். எண்பது மீட்டருக்கு அப்பால் இருக்கிற கை எப்படி நடுவில் வரும்? அதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. சந்தேகம் முழுக்க மச்சான் மேல் இருந்தது.

அன்று இரவு வீட்டில் பேச்சு வந்தது.

"என் தம்பி மேலயா சந்தேகப்படுறீங்க?" என்றாள் மனைவி. "அவன் சோம்பேறி. சரி. வாயாடி. சரி. ஆனா பாப்பான்னா உசிர விடுவான்."

"சாக்ஸ எதுக்குடி கேக்கணும்?"

"அத அவன்கிட்டயே கேளுங்க. என்கிட்ட கேக்காதீங்க."

படுக்கப்போகும்போது பாப்பாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "மாமா என்னம்மா சொல்லிக் கேப்பாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. 'கேக்குது'ன்னு மட்டும் சொல்வாரு."

"அது, நீ பேசுறது கேக்குதுன்னு சொல்றாரும்மா."

பாப்பா தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டினாள். "இல்லப்பா. அது கேக்குது. பொருள் கேக்குது."

வெல்டர் விளக்கை அணைத்தார். தூக்கம் வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மாலை மூட்டமாக இருந்தது. கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. ஐந்து முப்பத்தெட்டுக்குப் பாப்பா பெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இங்கயே இரு. அஞ்சே நிமிஷம்" என்றார்.

சரியாக ஐந்து நாற்பது. காதுக் குழியில் தலையை நீட்டினார்.

"கேக்குதா?"

ஒன்று... இரண்டு... மூன்று...

"...கேக்குது."

அடுத்த நொடி மேட்டை நோக்கி ஓடினார். மூச்சிரைக்கக் குதிரையைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் காதின் முன்னால் போய் நின்றபோது ஐந்து நாற்பத்தொன்று.

யாரும் இல்லை.

போனான் என்றால் எங்கே போனான்? சுற்றிலும் வெட்டவெளி. ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. அப்போதுதான் காதுக் குழியைப் பார்த்தார்.

ஓரத்திலிருந்து ஓரம் வரை சிலந்திவலை. கிழியாத வலை. அதில் சருகு, தூசி, காய்ந்துபோன பூச்சிகள். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. பாம்புக்குப் பயந்து பிள்ளைகள்கூட இந்தப் பக்கம் வருவதை விட்டிருக்க வேண்டும்; நாள் கணக்காக அங்கே யாரும் வந்த தடமே இல்லை.

போனை எடுத்தார்.

"எங்கடா இருக்க?"

"காதுகிட்டதான் மச்சான். இப்பதான் டெஸ்ட் முடிச்சேன்." பின்னால் டீ டம்ளர் சத்தம்.

"நான் காதுகிட்டதான் நிக்குறேன்."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "கோவிச்சுக்காதீங்க மச்சான். முட்டி வலி. மேடு ஏற முடியல. மூணு வாரமா... கேன்டீன்லயே உக்காந்துட்டேன். அக்காகிட்ட சொல்லிராதீங்க."

"மூணு வாரமாவா?"

"நோட்டுல நீங்கதான டிக் போடுறீங்க? பதில் வரலன்னாலும் எனக்காகப் போட்டுடுறீங்கன்னு நெனச்சேன். அதான் நீங்களும் ஒண்ணும் கேக்கலயே..."

வெல்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

பதில் வந்தது. மூன்று வாரமாக. தினமும்.

அப்போது குழாயிலிருந்து ஒரு குரல் கேட்டது. பாப்பா குரல். முதல் காதில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா இல்ல... ம்... ரிப்பனா?"

இடைவெளி.

"முழுசாவா?"

வலையைக் கிழித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். குழாயிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அதற்குள் அந்தச் சொல்.

"...கேக்குது."

எண்பது மீட்டர் தள்ளி இருந்து வரவில்லை. பாதி வழியிலிருந்து வந்தது.

"...கேக்குது... கேக்குது..."

அது பதில் இல்லை. என்றைக்குமே பதிலாக இருந்ததில்லை.

வெல்டர் தொண்டை கிழியக் கத்தினார். "பாப்பா! எந்திரி!"

சத்தம் உள்ளே போனது. எதிரொலிகூட இல்லை. எதுவோ விழுங்கியது போல...

ஒன்று... இரண்டு... மூன்று...

பிறகு குழாய்க்குள் அவருடைய குரலே பேசியது. அவர் குரல். அவர் இழுவை. ஆனால் அவரை நோக்கி அல்ல. அந்தப் பக்கம் பார்த்து.

"பாப்பா... உக்காரு."

"சரிப்பா" என்றாள் பாப்பா.

ஓடினார்.

மேடு ஏறினார். புல் வழுக்கியது. விழுந்தார். எழுந்தார். கண்ணாடி மழை காற்றில்லாமல் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. எண்பது மீட்டர்தான், முடிவதாக இல்லை.

ஐந்து நாற்பத்து நான்கு.

பெஞ்சில் கணக்கு நோட்டு மட்டும் திறந்து கிடந்தது.

பாப்பா காதுக் குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் குழாய்ப் பக்கம் காட்டி. தலை பின்னால் சாய்ந்து, முகம் வானத்தைப் பார்த்து.

பின்னல் தெரியவில்லை.

பின்னல் குழாய்க்குள் இருந்தது.

"அப்பா..." என்றாள் மெதுவாக. "நீதான உக்காரச் சொன்ன?"

அவளைத் தூக்கினார். வரவில்லை. முடி கம்பிபோல விறைத்து நின்றது. பலங்கொண்ட மட்டும் இழுத்தார். ஓர் அங்குலம் வந்தது.

இரண்டு அங்குலம் போனது.

"வலிக்குதுப்பா!"

இடுப்புப் பையில் கை போனது. தகரம் வெட்டுகிற கத்தரி. கழுத்தோரம் வைத்தார்.

கறுக்.

பாப்பா அவர் மேல் வந்து விழுந்தாள்.

சர்ர்ர்ர்... பின்னல் குழாயில் இறங்கியது.

நடுவில் நின்றது.

'டக்.'

அப்புறம் சத்தமே இல்லை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசலைத் தாண்டியபோது ஐந்து நாற்பத்தாறு. அவர் பையோடு வந்துவிட்ட பரிசோதனை நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே டிக் இல்லை. நான் பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் இரண்டு காதுகளின் குழாய் வாயிலும் தடித்த தகடு வைத்து வெல்டர் பற்றவைத்துவிட்டார். மேனேஜர் அம்மா கேட்டதற்கு "அடைச்சுக்கிச்சு மேடம்" என்றார். அன்றே வேலையையும் விட்டார். வீட்டில் மனைவி, பாப்பாவின் தலையைப் பார்த்து அழுது தீர்த்தாள். "சூயிங்கம் ஒட்டிக்கிச்சு" என்று ஒரு பொய். பாப்பாவும் அதையே சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று வெல்டருக்கு இன்றும் தெரியாது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஜோக் அடிக்கவில்லை. அக்கா சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

மேனேஜர் அம்மா அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார். தகட்டை அறுத்து, வயரில் கேமராவைக் கட்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். நாற்பத்தொன்றாவது மீட்டரில் குழாய் இரண்டாகப் பிரிந்தது. வரைபடத்தில் அப்படி ஒரு கிளை கிடையாது. தோண்டினார்கள்.

மண்ணுக்கடியில் ஒரு கான்கிரீட் பெட்டி. ஒரு பிள்ளை உட்காரலாம், நிற்க முடியாது. கதவு இல்லை. மூடி இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பூங்கா கட்டினபோதே, நாலு பக்கமும் ஒன்றாகச் சேர்த்து வார்த்த பெட்டி. குழாய் மட்டும் மேலே ஓர் ஓட்டையாக வந்து சேர்கிறது. யார் கட்டினார்கள், எதற்கு என்று எந்தத் தாளிலும் இல்லை. மெஷின் வைத்து உடைத்தார்கள்.

"உள்ள என்னடா இருந்துச்சு?"

"பெருக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு மச்சான். ஒரு இலை இல்ல, தூசி இல்ல. எல்லாம் வரிசையா... ரப்பர், ஷார்ப்னர், கிளிப்பு, பொத்தான். சாக்ஸு, மடிச்சு வெச்சிருந்துச்சு. ஒரு நட்டு."

வெல்டர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கடைசியில பாப்பா முடி." மச்சான் குரலை இன்னும் தாழ்த்தினான். "நீங்க மூணு கால் பின்னல்தான போடுவீங்க? அதுவும் லொடலொடன்னு?"

"ஆமா."

"அது மூணு கால் இல்ல மச்சான். அவுத்து, சிக்கெடுத்து, திரும்பப் பின்னியிருந்துச்சு. நாலு கால் பின்னல். ஒரு முடி வெளிய நீட்டிக்கிட்டு இல்ல. நுனியில ரிப்பன். பூ மாதிரி கட்டியிருந்துச்சு."

இதை வெல்டர் மனைவியிடம் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. பாப்பாவிடம் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

பாப்பாவுக்கு இப்போது முடி தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டது. என் வீட்டுக் கதவு வேலை நடந்த அந்த மூன்றாம் நாள் காலையில், பள்ளிக்குக் கிளம்பும்போது, வெல்டர் வழக்கம்போலச் சீப்போடு உட்கார்ந்திருக்கிறார். முடியை மூன்றாகப் பிரித்திருக்கிறார்.

பாப்பா திரும்பாமலே சொன்னாளாம். "அப்படி இல்லப்பா. நாலாப் பிரி."

அவர் கை நின்றுவிட்டது.

"நாலு கால் பின்னல் எங்கம்மா பாத்த?"

"பாக்கல."

ரிப்பனை எடுத்துப் பின்னால் நீட்டிக்கொண்டே, சாதாரணமாக, "கேட்டேன்" என்றாள்.

யாரிடம் என்று வெல்டர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.